கேசரியைத் தொடாத தரகர்

கல்யாணத் தரகு என்பது வாயை நம்பிய தொழில். அதில் பேச்சு பாதி, தீனி பாதி.

பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தீனியைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு வரன் முடியக் குறைந்தது ஆறு வீட்டுப் படி ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இனிப்பு, ஒரு காரம், ஒரு காப்பி. பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு இன்னும் விசேஷம். சம்மதம் இல்லாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் தட்டைத் தொடுமுன் மாப்பிள்ளை வீட்டார் தரகனைப் பார்ப்பார்கள். அந்த வீட்டின் உள்விவகாரம் தெரிந்தவன் அவன்தானே. அவன் கேசரியை வாயில் போட்டால் இவர்களும் போடுவார்கள். இருபத்தாறு வருஷமாகத் திண்டுக்கல்லைச் சுற்றி நான் தின்ற கேசரியைக் குவித்து வைத்தால், மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு குன்று நிற்கும்.

போன ஆடியில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ஏற்கெனவே இந்தச் சங்கத்தில் இருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, புதிதாகச் சேர்ந்தவன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். மாத்திரையை முழுங்கிவிட்டே கேட்கலாம்.

முன்னூற்றுப் பத்து

ஆடி மாதம் பெண் பார்க்க யாரும் கிளம்ப மாட்டார்கள். எங்களுக்கு அது பள்ளிக்கூட லீவு மாதிரி. அந்த லீவில்தான் டாக்டரிடம் போனேன். செருப்பு வார் கடித்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால் ஊர் போய்ச் சேருமுன் இரண்டு தடவை ஒன்றுக்கு முட்டுகிறது என்றேன். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

லேபில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி நின்றார்கள். கணவரின் காகிதத்தை அந்த அம்மா பிடுங்கிப் படித்துவிட்டு, "தின்னுங்க, இன்னும் அல்வா தின்னுங்க" என்று பொது இடம் என்றும் பாராமல் வைதுகொண்டிருந்தார். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. என் மனைவி தனம், மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போனவள், பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். அப்போதே ஏழு மாதம் ஆகியிருந்தது. என் காகிதத்தைப் பிடுங்கிப் படிக்க யாரும் இல்லை. லேபில் இருந்த பெண் தெரிந்த பெண்தான்; அவள் ஜாதகம் என் பைக்குள் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சாப்பாட்டுக்கு அப்பறம் முன்னூத்திப் பத்துண்ணே, டாக்டர்ட்டக் காட்டிருங்க. அப்பறம்ணே, அந்தத் தேனி மாப்பிள்ள வீட்டுல ஏதும் பதில் சொன்னாகளா?"

வெஞ்சனம்

டாக்டர் நல்ல மனிதர். சோற்றைக் குறையுங்கள், காயைக் கூட்டுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள் என்று நிதானமாகச் சொன்னார். வீட்டம்மாவிடம் விவரமாகச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லவில்லை. சொன்னால் தனம் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள், மகள் வேலையை விட வேண்டிவரும், குழந்தை தவிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். "சாப்டீகளா?" "ஆச்சு." "என்ன?" "இட்லி." அதற்குள் பேரன் அழத் தொடங்குவான். புருஷன் பெண்டாட்டி பேச்சு அவ்வளவுதான்.

குதிரைவாலி நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி அரைக் கிலோ வாங்கினேன். தண்ணீர் அளவு தெரியாது. அது கஞ்சியும் ஆகாமல் சோறும் ஆகாமல் போஸ்டர் ஒட்டும் பசையாக வந்து சேர்ந்தது. அடுப்புப் பக்கத்திலேயே நின்று, பாத்திரத்திலிருந்து கரண்டியால் எடுத்துத் தின்றேன். ஒருத்தனுக்காகத் தட்டை எதற்குக் கழுவுவது? இப்படி நின்றபடி தின்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வது ஆறுதலாக இருக்கிறது.

பிறகு பழையபடி மெஸ்ஸுக்கே போனேன். சோறு ஒரு கரண்டி போதும், அவரைக்காய்ப் பொரியல் இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று மூன்றாவது தடவை கேட்டபோது, மெஸ்காரரே வாளியைக் கீழே வைத்துவிட்டு என் இலைக்கு முன்னால் வந்து நின்றார்: "அண்ணே, சோத்தக் கேளுங்க, மலை மாதிரி கொட்டுறேன். வெஞ்சனத்த மறுக்கா மறுக்காக் கேட்டீகன்னா நான் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

நடை

தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்பதும் டாக்டர் உத்தரவு. காலையில் நடக்கிறவர்கள் எல்லாம் ஜமா ஜமாவாக, கைவீசிச் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். நடுவில் போய் ஒட்டிக்கொள்ள எனக்குக் கூச்சம். ஊரெல்லாம் பேசித் திரிகிறவனுக்கு என்ன கூச்சம் என்பீர்கள். தொழிலுக்குப் பேசுவது வேறு, துணைக்குப் பேசுவது வேறு. இரண்டாவது எனக்கு வராது. அதனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள நாலு தெருவைத் தனியாகச் சுற்றினேன்.

ஒரு தரகன் ஒரே தெருவில் இரண்டு தடவை நடந்தால் அதற்கு நடை என்று பெயர் இல்லை, விசாரணை என்று பெயர். மாப்பிள்ளை வீட்டார் சொல்லி, பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் துப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். மூன்றாம் நாள் வாசல்களில் கோலம் பெரிதானது. கல்யாண வயதுப் பெண்கள் ஆறு மணிக்கே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசல் தெளித்தார்கள். நாலாம் நாள் ஒரு அம்மா கேட்டைத் திறந்து என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. அவர் கையில் காப்பி டம்ளர், அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது: "எங்க வீட்டத்தான் சுத்துறீகன்னு தெரியும் தரகரே. இந்தக் காப்பியக் குடிச்சிட்டு, மாப்பிள்ள என்ன வேல பாக்குறாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அய்யலூர்த் தட்டு

ஆவணி பிறந்ததும் முதல் வரன் அய்யலூரில். பெண்ணின் அப்பா ஆட்டு வியாபாரி, அதிர்ந்து பேசாத மனிதர். கேசரியில் நெய் மினுங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். முந்தின நாள்தான் டாக்டர் என் புதுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஊசிதான் என்று சொல்லியிருந்தார். நான் கேசரியை இரண்டு விரற்கடை தள்ளி வைத்துவிட்டுக் காராச்சேவை மட்டும் எடுத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைப் பார்த்தார். தன் தட்டைக் கீழே வைத்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தட்டும் கீழே போயின. "போய்ச் சொல்லி விடுறோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

வெளியே ஓடிப்போய்த் தாய்மாமனிடம் மன்றாடினேன். வயிறு சரியில்லை என்றேன். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் சொந்தத்தில் பாதிப் பேர் ஓசூரில் வேலை செய்கிறார்கள். சொன்னால் பொழுது சாய்வதற்குள் தனத்தின் காதுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தைவிட என் ரகசியம் எனக்குப் பெரிதாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நாலு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை: "நீங்க தட்டத் தள்ளுனதப் பாத்துத்தான் அவுக எந்திரிச்சாக. எம் புள்ளைட்ட என்னத்தக் கண்டீக, அத மட்டும் சொல்லுங்க."

எறும்பு

அதற்குப் பிறகு கைவித்தை பழகினேன். ஒரு விள்ளல் வாயில், மீதி கைக்குட்டையில், கைக்குட்டை சட்டைப்பையில். லட்டு சுலபம். மைசூர்பாகு உதிரும். கேசரிக்கு மட்டும் எந்த வித்தையும் பலிக்காது. ஒரு முகூர்த்த மாதம் முழுக்க இப்படியே ஓட்டினேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. இஸ்மாயில் பாய். பேகம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு வரன் பார்ப்பவர். இருபது வருஷப் பழக்கம். ஒரு நாள் பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு என் சட்டையையே பார்த்தார். சட்டைப்பையிலிருந்து காலர் வரைக்கும் எறும்பு வரிசை. கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். மூன்று வீட்டு லட்டும் நசுங்கிப்போய் இருந்தன. அவர் கேட்கவே இல்லை. நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னது அன்றைக்குத்தான். பாய் லட்டைத் தூரப் போட்டுவிட்டு, கைக்குட்டையை உதறி மடித்துக் கொடுத்தார்: "எனக்குப் பன்னெண்டு வருசமா இருக்குண்ணே. வீட்டுல பீவி, மக, மருமகன்னு மூணு பேரு காவலு. வெள்ளிக்கிழம பிரியாணில எனக்கு மட்டும் ஒரு கரண்டி அளந்து வைக்கிறாக. நீங்க நசீபுக்காரரு, குடுத்து வச்சவரு, தடுக்க ஆளே இல்ல."

தோப்பு மாப்பிள்ளை

பாலசமுத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை. வயது முப்பத்திரண்டு, தென்னந்தோப்பு, நல்ல குணம். வத்தலக்குண்டில் ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தியிருந்தது. பேசி முடித்துக் கிளம்பியபோது, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். வீடு கண்ணுக்கு மறைந்ததும் நின்றார். "ஏனுங்க, எனக்குச் சக்கரை இருக்குதுங்க. ரெண்டு வருசமாச்சு. அம்மா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. பொண்ணுகிட்ட நீங்களே மொதல்ல சொல்லிருங்க" என்றார்.

ஒளித்து வைத்து முடித்த கல்யாணங்கள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர்மேல் மரியாதை வந்தது. சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்களே ஒரு போன் போட்டுச் சொன்னால் என்ன தம்பி என்றும் கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார்: "சொல்றது லேசுங்க. சொன்னதுக்கப்பறம் எல்லாரும் நம்ம தட்டையேதான் பாக்கறாங்க, மூஞ்சியப் பாக்கறதில்லீங்க."

ராகு காலம்

நான் சொல்லவில்லை. மூன்று தடவை போனை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன். சொந்தப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாதவன் அடுத்தவருக்குப் பெண்டாட்டியாகப் போகிறவளிடம் எப்படிச் சொல்வான்? பெண் பார்க்கும் நாளும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, ஐப்பசி. அய்யலூர் மாதிரி இன்னொரு வீட்டைக் கெடுக்க எனக்கு மனசில்லை. இன்றைக்குக் கேசரியை முழுசாகத் தின்றுவிடுவது என்று தீர்மானம். அதற்கு ஈடாகக் காலைப் பலகாரத்தை விட்டுவிட்டேன். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டேன். சக சர்க்கரைக்காரர்களே, டாக்டர் சொன்னதில் பாதியைக் கேட்காதீர்கள். ஒன்றுமே கேட்காதவன் என்னைவிடப் பிழைத்துக்கொள்வான்.

மாப்பிள்ளை வீட்டுக் கார் தெருமுனைக்கு வந்தபோது மணி பத்தரையைத் தொட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். மாப்பிள்ளையின் அம்மா இறங்க மாட்டேன் என்றார். பன்னிரண்டு வரைக்கும் கார் தெருமுனையிலேயே நின்றது. விருந்தாளி வராமல் கேசரி வெளியே வராது. முன்னதாகவே வந்திருந்த நான் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தேன். பதினொன்று தாண்டியதும் விரல் நடுங்கியது. சட்டை நனைந்தது. பெண்ணின் அப்பா ஏதோ கேட்டார். நான் வேறு ஏதோ பதில் சொன்னேன் போல; அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அவருக்கும் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அதனால் அந்த வீட்டுப் பெண் மகேஸ்வரிக்கு ஒரு பார்வையே போதுமாக இருந்தது. பாதி பின்னிய சடையோடு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். என் நெற்றியைத் தொட்டாள். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, என் தாடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். என் போனில் மேலே ‘வீட்டம்மா’ என்று இருந்த பெயரை அழுத்தி, "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு சுகர் எறங்கிருச்சு, காலையில சாப்பிடாம வந்துருக்காரு. இப்பத் தேவலாம், பயப்படாதீங்க" என்றாள். மூன்று மாதம் நான் பொத்தி வைத்தது அரை நிமிஷத்தில் ஓசூர் போய்ச் சேர்ந்தது.

யாரோ தெருமுனைக்கு ஓடிச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா காரிலேயே இருக்க, மாப்பிள்ளை மட்டும் ராகு காலத்தைப் பார்க்காமல் உள்ளே ஓடி வந்தார். நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மகேஸ்வரியைப் பார்த்தார். "எனக்கும் இது இருக்குதுங்க. இவரு சொல்லீருப்பாருன்னு நெனச்சேன்" என்றார். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "எங்கப்பாவுக்குப் பாக்குறேன், இதெல்லாம் எனக்குப் புதுசில்ல. நீங்க காலையில சாப்டீங்களா, மொதல்ல அதச் சொல்லுங்க."

எட்டு நாள்

மகேஸ்வரிக்கும் தோப்பு மாப்பிள்ளைக்கும் கல்யாணம் தையில். தனம் அந்த வெள்ளிக்கு மறுநாள் மத்தியானமே வந்து இறங்கினாள். மகள் எட்டு நாள் லீவு எடுத்திருந்தாள். தனம் வைவாள் என்று காத்திருந்தேன். வையவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பங்கு குதிரைவாலிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று டம்ளரால் அளந்து காட்டினாள். காலையில் என்னோடு நடந்தாள். தெருவில் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு நாளும் தட்டு போட்டு, உட்கார்ந்து, எதிரே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கீரையும் கொண்டைக்கடலையும்தான். அவ்வளவு ருசியாக நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. அவள் சொல்லித்தான் அய்யலூர் போய் அந்த அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலை சேலம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அங்கே இறங்கி ஓசூருக்கு மாற வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சொன்னா நான் வந்துருவேன்னு பயந்து மறச்சீகளா, சொல்லியும் வராமப் போயிருவேனோன்னு பயந்து மறச்சீகளா?" ஊர் ஊராகப் போய் அடுத்தவர்களுக்காகப் பேசுகிற என் வாய்க்கு அந்தப் பதில் வர நேரமாயிற்று. இரண்டாவதுதான் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பஸ் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கூறுகெட்ட மனுசா, வாடின்னு ஒரு வார்த்த கூப்பிடுவீகன்னுதானே பத்து மாசமா நானும் காத்துக் கெடந்தேன்."

நூற்றுக்கு மேல் ஜோடி சேர்த்து வைத்த தரகனுக்குச் சொந்தப் பெண்டாட்டியை வீட்டுக்குக் கூப்பிட ஒரு மயக்கம் தேவைப்பட்டது. அப்போதும் போன் போட்டுக் கூப்பிட்டது வேறு வீட்டுப் பெண்தான்.